பாதுகாப்பாளர்களுக்கு வட்டாரச் சங்கம் எதற்கு?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு சிறிய அருங்காட்சியகத்தில், பழம்பொருட்களைப் பழுதுபார்த்துக் கெடாமல் காக்கும் பாதுகாப்பாளர் ஆறு ஆண்டுகளாக நீங்கள் ஒருவரே. உலக அளவிலான அமைப்பு ஒன்றில் உறுப்பினர். ஆய்விதழ்கள் வருகின்றன, விடாமல் படிக்கிறீர்கள். இப்போது உங்கள் வட்டாரத்தில் இருக்கும் இருபது முப்பது பாதுகாப்பாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய அமைப்பு தராத எதை இது தந்துவிடப் போகிறது, அப்படியே சேர்ந்தாலும் இரண்டு வருடத்தில் படுத்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி.

சேருங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். அதில் முதல் எட்டு ஆண்டுகள் நானும் உங்களைப் போலத் தனியாள்தான். ஏன் சேரச் சொல்கிறேன் என்பதை ஒரு ஜாடியை வைத்துச் சொன்னால் எளிதாக இருக்கும்.

பதினேழு துண்டுகளாக வந்த பெரிய சுடுமண் ஜாடி அது. குளிர்காலத்தில் ஒட்டினேன். பாரலாய்டு பி-72, அசிட்டோனில் கரைத்தது. நம் வேலையில் இதைவிட நம்பகமான பசை கிடையாது என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம்: மஞ்சளிக்காது, எப்போது வேண்டுமானாலும் அசிட்டோன் வைத்துப் பிரித்துவிடலாம். உடைந்த விளிம்புகளை நீர்த்த கரைசல் கொடுத்து உறுதிப்படுத்தி, மணல் தட்டில் நிறுத்தி, ஒவ்வொரு துண்டாக ஏற்றினேன். ஒட்டுகளில் விரல் நுனியை ஓட்டினால் மேடு பள்ளமே தெரியாது. படம் எடுத்து, அறிக்கை எழுதி, மாடியிலிருந்த சேமிப்பறையில் மேல் தட்டில் வைத்தேன். அடுத்த கோடை முடிந்து எடுத்துப் பார்த்தால் கழுத்துப் பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தோள்பட்டையில் இரண்டு துண்டுகள் சுமார் இரண்டு மில்லிமீட்டர் கீழே வழுக்கியிருந்தன. பசை விடவில்லை. மெதுவாக இழுபட்டு, நூல்போல நீண்டு, அப்படியே நின்றிருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளிம்பைச் சரியாகத் துடைக்கவில்லையோ, கரைப்பான் முழுதாக ஆவியாகும் முன்பே மணலிலிருந்து எடுத்துவிட்டேனோ என்று. யாரிடமும் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒரு நாள் பக்கத்து நகரத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒன்பது பேர் கூடினோம். சங்கம் என்று பெயர்கூட வைக்கவில்லை. தேநீர் இடைவேளையில் ஒருவர், கோடையில் தன்னுடைய மண்பாண்டங்கள் ‘உட்கார்ந்துவிடுகின்றன’ என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஜாடி ஞாபகம் வந்து நானும் சொன்னேன். மூன்றாவதாக ஒருவர் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். சேமிப்பறையின் ஒவ்வொரு தட்டிலும் வெப்பமானி வைத்து அளந்து எழுதியிருந்தார். மேல் தட்டில் பிற்பகலில் 41 டிகிரி. பாரலாய்டு பி-72 இறுக்கம் தளர்ந்து மென்மையாகத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 40 டிகிரி. விஷயம் அவ்வளவுதான்! கையில் குற்றமில்லை, பசையிலும் குற்றமில்லை; அந்தப் பசையை அந்தத் தட்டில் வைத்ததுதான் குற்றம். அதே குடும்பத்தைச் சேர்ந்த பி-44, 60 டிகிரி வரை தாங்கும். ஆனால் எளிதில் நொறுங்கும். வெப்பம் மிகுந்த அகழாய்வுத் தளங்களில் இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கனமான பாத்திரங்களுக்கு இன்றும் அப்படித்தான் செய்கிறேன். இலேசானவற்றுக்குப் பி-72 போதும், கீழ்த்தட்டில் வைத்தால்.

இந்த 40 டிகிரி என்ற எண் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நானும் படித்திருந்தேன். ஆனால் அது என் தட்டின் எண் என்று எனக்குக் காட்ட, அதே வெயிலில் அதே மாதிரி மாடி அறை வைத்திருக்கும் இன்னொருவர் தேவைப்பட்டார். இதை உலக அமைப்பு எப்படித் தரும்? அதன் மாநாட்டில் ஆயிரம் பேர் முன்னால் போய் ‘என் ஜாடி சாய்ந்துவிட்டது’ என்று யார் சொல்வார்கள்?

ஆய்விதழ்களை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சர்வதேசப் பாதுகாப்பு நிறுவனமான ஐ.ஐ.சி. 1950-இல் லண்டனில் தொடங்கியது. பண்பாட்டுச் சொத்துகளைக் காக்க அரசுகள் சேர்ந்து நடத்தும் ஐக்ரோம் 1959-இல் ரோமில் வந்தது. நம் துறைக்கு ஒரு பொது மொழி கிடைத்ததே இப்படிப்பட்ட அமைப்புகளால்தான். ஆனால் அச்சுக்குப் போவது பெரும்பாலும் வெற்றி பெற்ற வேலை. தோற்ற வேலை அச்சேறுவதற்கு ரொம்பக் காலம் ஆகிறது. கரையும் நைலானின் கதையைப் பாருங்கள். 1950-களின் பிற்பகுதியில் அது பெரிய நம்பிக்கையோடு வந்தது. பொடிந்து உதிரும் ஓவியப் பரப்பு, உப்பேறிய கல், எலும்பு என எல்லாவற்றுக்கும் பூசினார்கள். மெல்லிய படலமாக நிற்கும், நெகிழ்வாக இருக்கும், அதன் வழியாகவே உப்பைக் கழுவி எடுக்கலாம், பின்னால் வேண்டுமானால் கரைத்து நீக்கலாம் என்பது வாக்குறுதி. நடந்தது வேறு. நாளாக நாளாக மூலக்கூறுகள் தமக்குள் பின்னிக்கொண்டு கரையாமல் போயிற்று. படலம் சுருங்கி, பிடித்து வைக்க வேண்டிய பரப்பையே பிய்த்துக்கொண்டு வந்தது. தூசியும் அதில் ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் தொகுத்து ‘இனி வேண்டாம்’ என்று விரிவாக வாதிட்ட கட்டுரை வந்தது 1981-இல். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல். அந்தக் காலத்தில் எத்தனை மேசைகளில் எத்தனை பேர் அந்தச் சுருங்கிய படலத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் போலவே ‘என் கைதான் சரியில்லை’ என்று நினைத்திருப்பார்கள்! என் மனத்தை உறுத்துவது இதுதான். வருடத்துக்கு இரண்டு முறை நேரில் பார்க்கிறவர்கள் நடுவில் இது இவ்வளவு நாள் மறைந்திருக்காது என்று நினைக்கிறேன்.

காலநிலை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 50 சதவீதம் சார்பு ஈரப்பதம், கூட்டியோ குறைத்தோ 5. வெப்பநிலை 20, 21 டிகிரி. பொருட்கள் இருக்கும் அறைக்கு என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த எண்கள். மிதமான குளிர்நாடுகளின் அருங்காட்சியகங்களில், குளிரூட்டும் எந்திரங்கள் இரவு பகலாக ஓடும் கட்டடங்களில் பிறந்த எண்கள் இவை. பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் சேர்ந்து வகுத்த பீசோ வழிகாட்டுதல் இதைத் தளர்த்தி, பெரும்பாலான பொருட்களுக்கு 40 முதல் 60 சதவீதம், 16 முதல் 25 டிகிரி போதும் என்றது. 2014-இல் ஐ.ஐ.சி.யும் உலக அருங்காட்சியக அமைப்பான ஐகாமின் பாதுகாப்புக் குழுவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உள்ளூர்க் காலநிலையைக் கருத்தில் கொள்ளச் சொன்னது. சரி, கருத்தில் கொள்வது யார்? வருடம் முழுக்க 70 சதவீத ஈரத்திலேயே இருந்து பழகிய ஒரு மரச் சிற்பத்தைத் திடீரென்று 50-க்குக் கொண்டுவந்தால் அது வெடிக்கும். இன்னொரு பக்கம், 70-க்கு மேல் காற்றோட்டமில்லாமல் விட்டால் பூஞ்சை வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை, அதே ஈரத்தில் அதே மரத்தை வைத்துப் பல ஆண்டு பதிவு எடுத்தவர்கள்தான் சொல்ல முடியும். ஆசிய பசிபிக் பகுதியில் வெப்பமண்டலப் பாதுகாப்புக்கென்றே ஒரு வலையமைப்பு உருவானதும், அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பாதுகாப்பாளர்கள் 1970-களிலிருந்தே தனிச் சங்கம் வைத்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை.

அடுத்ததாக நான் சொல்லப் போவது பலருக்கும் தோன்றுவதில்லை. பழைய சிகிச்சைகளின் நினைவு எங்கே இருக்கிறது? அறிக்கைகளில் என்பீர்கள். நம் தலைமுறையின் வேலைக்கு அது சரி. அதற்கு முன்னால்? பூச்சி அரிக்காமலிருக்க, பாடம் செய்த விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஆர்சனிக் தடவினார்கள். உலர்த்திய தாவரங்களை ஒட்டிவைத்த பதிவுத் தாள்களுக்குப் பாதரசக் குளோரைடு. துணிக்கும் இறகுக்கும் டி.டி.டி. இவற்றில் பெரும்பகுதி எங்கும் எழுதப்படவில்லை. எக்ஸ் கதிரால் தனிமங்களைக் கண்டறியும் கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவி இருந்தால் ஆர்சனிக்கையும் பாதரசத்தையும் காட்டிக்கொடுத்துவிடும், டி.டி.டி. போன்ற கரிம நஞ்சை அது அடையாளம் சொல்லாது. ஆனால் ஓய்வு பெற்ற ஓர் ஆய்வக உதவியாளர் சொல்வார். எங்கள் கூட்டத்துக்கு அப்படி ஒருவரை அழைத்திருந்தோம். ஒரு சேகரிப்பின் இழுப்பறைப் படங்களைத் திரையில் காட்டிக்கொண்டே போனபோது, ‘இதுக்கெல்லாம் வெள்ளைப் பொடி போட்டோம், வருஷத்துக்கு ரெண்டு தடவை’ என்று சாதாரணமாகச் சொன்னார். அந்த இழுப்பறைகளைப் பத்து ஆண்டுகளாகக் கையுறை இல்லாமல் திறந்துகொண்டிருந்த பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மறுநாளே அந்த அறைக்கு எச்சரிக்கைப் பலகை, நைட்ரில் கையுறை, வடிகட்டி முகமூடி எல்லாம் வந்தன. அந்த முதியவரின் அனுபவம் முழுவதையும் பதிவு செய்து எழுதி வைத்தோம். ஒரு வட்டாரத்தில் இப்படிச் சொல்லக்கூடியவர்கள் கைவிரல்களில் எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். உங்கள் சங்கம் எதைத் தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும், இவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதுவதை முதல் வருடமே செய்துவிடுங்கள்.

பேரிடர் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1966 நவம்பர் 4-இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் ஆர்னோ ஆறு கரை உடைத்தது. சாந்தா குரோச்சே தேவாலய வளாகத்தில் இருந்த, பழைய இத்தாலிய ஓவியர் சிமாபூவின் சிலுவை ஓவியம் பெரும்பகுதி வண்ணத்தை இழந்தது. தேசிய நூலகத்தில் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றிலும் எண்ணெயிலும் ஊறின. உலகெங்குமிருந்து பாதுகாப்பாளர்கள் வந்தார்கள், துறையின் முகமே மாறிப்போனது. எல்லாம் உண்மை. அதே வெள்ளத்தில் மூழ்கிய வசாரியின் ‘கடைசி விருந்து’ ஓவியப் பலகைகள் மறுபடி சுவரில் ஏறியது 2016-இல், சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து. ஆனால் முதல் இரவும் அடுத்த நாளும் சேற்றில் இறங்கி நின்றவர்கள் அந்த ஊர்க்காரர்களும் அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்களும்தான். நனைந்த தாளில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் உலர்த்த முடியாததை உறைய வைத்துவிட்டால் பிறகு நிதானமாக யோசிக்கலாம். 1972-இல் ஆக்னஸ் புயலில் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் வெள்ளம் புகுந்தபோது நனைந்த நூல்களுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஆக உங்களுக்குத் தேவைப்படுவது: இரண்டு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஆறு பேர், ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேலாளரோடு முன்கூட்டியே ஏற்பட்ட பழக்கம், பிளாஸ்டிக் கூடைகள், உறிஞ்சுதாள், மின்விசிறிகள், தண்ணீர் இறைக்கும் பம்ப், யாரை எந்த எண்ணில் அழைப்பது என்ற ஒற்றைத் தாள். இதில் எதையும் விமானத்தில் வரவழைக்க முடியாது.

சரி, படுத்துவிடாமல் நடத்துவது எப்படி என்று கேட்டீர்கள். படுத்துப்போன இரண்டைப் பார்த்திருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் இருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

படுத்துப்போன இரண்டும் விதிமுறைகளிலிருந்து தொடங்கின. யார் ‘பாதுகாப்பாளர்’, யார் இல்லை, எந்தப் பட்டம் இருந்தால் முழு உறுப்பினர் என்று ஒன்றரை வருடம் பேசினோம். தகுதிச் சான்று முக்கியமான விஷயம்தான். ஐரோப்பாவில் ஈ.சி.சி.ஓ. என்ற கூட்டமைப்பு 1991-இல் பல நாட்டுச் சங்கங்களைச் சேர்த்துத் தொடங்கியதே தொழிலுக்கு ஒரு வரையறையும் ஒழுக்க நெறியும் வேண்டும் என்பதற்காகத்தான். அது தேசிய அளவில், சட்ட பலத்தோடு பேச வேண்டியது. முப்பது பேர் கொண்ட வட்டாரச் சங்கம் அதில் இறங்கினால் பாதிப் பேரை வாசலிலேயே இழந்துவிடும். அதிலும் நாம் இழக்கக் கூடாதவர்களை: பைண்டிங் செய்கிறவர், படங்களுக்குச் சட்டம் போடுகிறவர், கல் தச்சர். பழைய புத்தகத்தின் தையலை என்னால் விவரித்து எழுத முடியும். எங்கள் சங்கத்தின் பைண்டரால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியும். அவரை ‘இணை உறுப்பினர்’ என்று பின்வரிசையில் உட்கார வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

விடுதி அரங்கில் கூடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒருவரின் ஆய்வகத்தில் கூடுங்கள். சின்ன அறையாக இருந்தாலும் பரவாயில்லை, அலமாரி கலைந்து கிடந்தாலும் பரவாயில்லை. இன்னொருவர் பருத்திக் குச்சியை எப்படி உருட்டுகிறார், மாவுப்பசையை எந்தப் பதத்துக்கு வடிகட்டுகிறார், கரைப்பான் புட்டிகளுக்கு எப்படிப் பெயர் ஒட்டியிருக்கிறார் என்று பார்ப்பதிலேயே பாதி கற்றுக்கொண்டுவிடலாம். கூட்டத்தில் ஒரு மணி நேரத்தைத் ‘தவறிய வேலை’க்கு என்று ஒதுக்குங்கள். முதலில் பேசுபவர் அந்த அறையிலேயே மூத்தவராக இருக்கட்டும். அவர் சொல்லிவிட்டால் இளையவர்களுக்கு வாய் திறக்கும். பொருளின் உரிமையாளர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பதை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளில் எந்தப் பசை எந்தச் சூழலில் என்ன ஆயிற்று என்பது மட்டும் குறிப்பாக வெளியே போகட்டும்.

போட்டி இருக்கும். தனியாகத் தொழில் செய்கிறவர்கள் ஒரே வாடிக்கையாளருக்கு மதிப்பீடு கொடுப்பார்கள். ஒருவர் செய்த பழைய வேலை இன்னொருவர் மேசைக்கு வரும். இதில் எங்களுக்குக் கைகொடுத்த பழக்கம் ஒன்றுதான். சக பாதுகாப்பாளரின் பழைய வேலை உங்களிடம் வந்தால், உரிமையாளரிடம் கருத்துச் சொல்வதற்கு முன், அந்த உரிமையாளரின் அனுமதியோடு, வேலை செய்தவரை அழைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: பணம் போதவில்லை, பொருள் இன்னும் மோசமாக வந்தது, கண்காட்சிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

சேர்ந்து செய்தால் இலாபம் தரும் வேலையும் உண்டு. ஆடி சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி அறிமுகப்படுத்தியது. காட்சிப் பெட்டிக்குள் போடப் போகும் பலகை, துணி போன்றவற்றின் துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு ஈரமான மூடிய குழாயில் 60 டிகிரியில் 28 நாள் வைத்து, தகடு நிறம் மாறுகிறதா, அரிக்கிறதா என்று பார்ப்பது; மாறினால் பெட்டிக்குள் இருக்கும் கலைப்பொருளையும் அது கெடுக்கும். தனியாளாக நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்வீர்கள்? எல்லோரும் அதே கடைகளின் ஒட்டுப்பலகையையும் துணியையும் வண்ணத்தையும்தான் வாங்குகிறோம். எங்கள் வட்டாரத்தில் ஏழு ஆய்வகங்கள் ஆளுக்கு ஐந்தாறு பொருட்களை எடுத்துக்கொண்டோம். ஒரே வருடத்தில் நாற்பது முடிவுகள் கிடைத்தன. பட்டியலில் பொருளின் பெயரோடு தயாரிப்பு மாதத்தையும் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் தயாரிப்பாளர் சொல்லாமலே பசையை மாற்றிவிடுவார்.

சந்தா குறைவாக இருக்கட்டும், மாணவர்களுக்கு வேண்டவே வேண்டாம். செயலாளர் பொறுப்பு இரண்டு வருடத்துக்கு மேல் ஒருவரிடமே இருக்க வேண்டாம். படுத்துப்போன இரண்டாவது சங்கம், ஒருவர் களைத்துப்போனதால் படுத்தது.

உங்கள் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: மூன்று வருடம் முன்பு பின்துணி கொடுத்து ஒட்டிய ஒரு கேன்வாஸ் இப்போது ஓரங்களில் அலையலையாக எழும்புகிறது, காரணம் புரியவில்லை என்று. அந்த ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஓரத்தைப் பக்கவாட்டு ஒளியில் படம் எடுங்கள். பயன்படுத்திய பசையின் மீதி, பின்துணியின் ஒரு துண்டு, அந்தச் சுவரில் ஒரு வருடம் எடுத்த ஈரப்பதப் பதிவு, இவற்றை ஓர் உறையில் போட்டு முதல் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். அந்த ஓவியம் வெளிச்சுவரில் மாட்டியிருக்கிறதா, உள்சுவரிலா என்று இப்போதே பார்த்து வையுங்கள். அங்கே யாராவது ஒருவர் முதலில் அதைத்தான் கேட்பார்.